ஒரு கால் சாக்ஸ்

மலை ஆஸ்பத்திரியில் என் இடத்துக்கு வந்திருக்கும் நர்ஸ் பெண் போன மாதம் போன் செய்தாள். இப்போது புது ஏற்பாடாம். கால் வீங்கிய நோயாளிகள் மாதாமாதம் நேரில் வர வேண்டியதில்லை. வீக்கத்தை இறுக்கிப் பிடிக்கிற ரப்பர் இழைச் சாக்ஸைப் போட்டு, அந்தக் காலைச் செல்போனில் படம் எடுத்து அனுப்பினால் போதும். இவள் அதைப் பார்த்துக் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாகப் போடுவாள். வேலை முடிந்தது.

"எல்லாருமே போட்டிருக்காங்க சிஸ்டர். ஆனா ஒருத்தருக்கும் காலு குறையல. நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டாள்.

படம் எடுக்கிற நேரத்துக்கு மட்டும் போடுகிறார்கள். வேறென்ன? அதையும் காலையில்தான் எடுப்பார்கள். இரவெல்லாம் படுத்திருந்த கால் காலையில் யாருக்கும் கொஞ்சம் வற்றித்தான் இருக்கும். சாயங்காலம் எடுத்து அனுப்பச் சொல் என்றேன். அவளுக்கு வருத்தம். "அப்படியெல்லாம் சந்தேகப்படலாமா சிஸ்டர்?" என்றாள்.

படலாம். படத்தான் வேண்டும். அதைப் போனில் சொன்னால் புரியாது என்பதால் எழுதுகிறேன். எனக்கு நயமாக எழுத வராது. நயமாகப் பேசவும் வராது. என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நான் சந்தவாசல்காரி. வேலூரில் நர்ஸ் படிப்பு படித்தேன். புத்தகத்தில் யானைக்காலைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது. பரீட்சைக்கு வராது என்று சீனியர்கள் சொன்னதால் அதையும் யாரும் படிக்கவில்லை. கீழே சில இடங்களில் பிரசவ வார்டு, ஊசி, மாத்திரை என்று ஓடிவிட்டு, ஜவ்வாது மலைமேல் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். அங்கே வாரம் ஒரு நாள் கால் கிளினிக் நடக்கும். மற்ற நர்ஸுகள் எல்லோரும் மாட்டேன் என்றதால் என்னை அதில் தள்ளிவிட்டார்கள். ரிட்டயர் ஆகும் வரைக்கும் அதிலேயே கிடந்தேன்.

ஏன் மாட்டேன் என்றார்கள் என்பது கதவைத் திறந்ததுமே தெரிந்தது. நாற்றம். வீங்கிய காலில் தோல் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும். மடிப்புக்குள் ஈரம் நிற்கும். விரலிடுக்கில் புண் வரும். அந்தப் புண் வழியாகக் கிருமி புகுந்தால் குளிர் காய்ச்சல் வரும், கால் சிவந்து நெருப்பாகச் சுடும், தொடையிடுக்கில் நெறி கட்டும், ஆள் பாயைவிட்டு எழுந்திருக்க முடியாது. ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் கால் இன்னும் கொஞ்சம் பெருக்கும். பெருத்தது தானாக இறங்காது. சிலருக்குக் கொசுக்கடியால் வந்தது. சிலருக்குப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு வந்தது. எதனால் வந்தாலும் விஷயம் ஒன்றுதான். உடம்பில் ஓட வேண்டிய நிணநீர் ஓடாமல் காலில் தங்கிவிடுகிறது.

மலையில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்ல மாட்டார்கள். பாதை கூடும் இடத்தில் யாரோ கழித்துப் போட்ட எலுமிச்சம்பழத்தை மிதித்ததாகச் சொல்வார்கள். யார் போட்டது என்று கேட்டால் ஒரு பெயரும் தயாராக இருக்கும். பெரும்பாலும் பங்காளி பெயர்.

கிளினிக்கை நடத்தியவர் வரதன் சார். பிசியோதெரபிஸ்ட். திருப்பத்தூரிலிருந்து பைக்கில் வருவார். ஒல்லியான ஆள், பேச்சு கம்மி. தாழ்வான ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் ஒரு துண்டை விரித்து, நோயாளியின் காலைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொள்வார். முதல் முறை வருகிறவர்கள் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொள்வார்கள். அவர் மறுபடி எடுத்து வைத்துக்கொள்வார். முகத்தைப் பார்க்க மாட்டார். முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்து, எடுத்துவிட்டு அந்தக் குழி நிரம்புகிறதா என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார்.

"தெனம் போடறீங்களா?"

போடுகிறேன் என்பார்கள். அதற்குத் தலையாட்டிவிட்டு அளவு நாடாவை எடுப்பார். கணுக்காலை அளந்துகொண்டே, ஏதோ பேச்சுவாக்கில் கேட்பதுபோல அடுத்ததைக் கேட்பார். "காலைல கொல்லைக்குப் போய்ட்டு வந்து போடறீங்களா, போறதுக்கு முன்னாடியா?" முக்கால்வாசிப் பேர் இங்கே மாட்டிக்கொள்வார்கள். போய்விட்டு வந்து, பல் விளக்கி, மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டுப் போடுகிறேன் என்று பெருமையாகச் சொல்வார்கள். அதற்குள் நீரெல்லாம் கீழே இறங்கிக் கால் வீங்கிவிடும். வீங்கிய காலை இறுக்கி என்ன பிரயோஜனம்? பாயைவிட்டு இறங்குவதற்கு முன்னாலேயே போட வேண்டும்.

அப்புறம் சாக்ஸைக் கழற்றச் சொல்லி வாங்குவார். நோயாளியேதான் கழற்ற வேண்டும், நான் கை வைத்தால் முறைப்பார். ஜன்னல் பக்கம் போய் இரண்டு கையாலும் இழுத்துப் பிடிப்பார். ஒரு கையை விடுவார். எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்று பார்ப்பார். உள்பக்கத்தைத் திருப்பிக் குதிகால் பக்கம் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். கடைசியில் மோந்து பார்ப்பார். ஆமாம், மூக்கருகே கொண்டுபோய். முதல் தடவை பார்த்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போகப் போக நானும் மோந்து பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அதில் பாதி வைத்தியம் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் வாசனை வந்தால் எண்ணெய் தடவிய கையோடு போடுகிறார்கள் என்று அர்த்தம், எண்ணெய் பட்டால் ரப்பர் இழை போய்விடும். சலவைச் சோடா நெடி அடித்தால் துவைகல்லில் போட்டு அடித்திருக்கிறார்கள். பெட்டியிலிருந்து எடுத்த வாசனை அப்படியே இருந்தால் காலே அதற்குள் போகவில்லை.

ஒரு முறை ஒரு தேன் எடுக்கிற ஆள் வந்தான். சார் சாக்ஸை மோந்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இதுல இன்னா பண்ணீங்க?"

"போடறேன் சார்."

"கால்லயா?"

அவன் தலையைச் சொறிந்தான். "தேன் வடிகட்டுனேன் சார். ஒரே வாட்டிதான். துணில போட்டா மெழுகும் சேந்து எறங்கிடுது. இது நல்லா புடிச்சிக்குது."

"தேன் எப்படி வந்துச்சி?"

"கண்ணாடி கணக்கா வந்துச்சி சார். உனுக்கு ஒரு பாட்டிலு கொண்டாந்து தர்றேன்."

சார் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வாசல் வரைக்கும் கேட்கும்படி திட்டினேன். அந்தத் தேனை வாங்காதீர்கள் என்று சாரிடமும் சொன்னேன். வாங்கினாரா இல்லையா என்று தெரியாது. வாங்கியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் இதுதான் வித்தியாசம். இருவருமே யாரையும் நம்ப மாட்டோம். அவர் பார்த்துக்கொண்டே இருப்பார், நான் கத்துவேன்.

சாக்ஸ் போடுவது லேசான வேலை இல்லை. குதிகால் வரைக்கும் உள்பக்கத்தை வெளியே திருப்பி, பாதத்தை நுழைத்து, குதிகாலில் குதிகால் சரியாக உட்கார்ந்த பிறகு, உள்ளங்கையால் தடவித் தடவி மேலே ஏற்ற வேண்டும். நகத்தால் பிடித்து இழுக்கக் கூடாது. மடிப்பு நிற்கக் கூடாது. நீளம் அதிகம் என்று மேல்பக்கத்தைச் சுருட்டிவிட்டால் அது கயிறு போட்டுக் கட்டியதுபோல் ஆகிவிடும், கீழே இருப்பது கீழேயே நிற்கும். கல்யாணமான பெண்களுக்கு மெட்டி வேறு. மெட்டி பட்டால் இழை அறுந்துவிடும். கழற்று என்றால் தாலியைக் கழற்றச் சொன்ன மாதிரி முறைப்பார்கள். அதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். துணிக்கடையில் கொடுக்கும் வழவழப்பான பிளாஸ்டிக் கவரைப் பாதத்தில் மாட்டிக்கொண்டு அதன்மேல் சாக்ஸை ஏற்றினால் வழுக்கிக்கொண்டு போகும். எங்கள் சாக்ஸில் விரல் பக்கம் திறந்திருக்கும். ஏற்றி முடித்ததும் அந்த ஓட்டை வழியாகக் கவரை உருவிவிடலாம்.

ராத்திரி கழற்றியதும் சோப்புப் போட்டு மெதுவாக அலச வேண்டும். முறுக்கிப் பிழியக் கூடாது. துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் தண்ணீர் போய்விடும். வெயில் படாமல் காயப் போட வேண்டும். மாற்றி மாற்றிப் போட ஒரு காலுக்கு இரண்டு கொடுப்போம். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஆறு மாதம் வரும். இதையெல்லாம் ஒவ்வொருவருக்கும் சொல்லி, சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, செய்து காட்டச் சொல்லித்தான் அனுப்புவேன். அப்படியும் கெடுத்துக்கொண்டு வருவார்கள்.

பூங்காவனம் அப்படித்தான் வந்தாள்.

அவள் மலையில் ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் சமையல்காரி. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம் அது. இவளும் சமையலறையை ஒட்டிய அறையில் தங்கிக்கொள்வாள். புருஷன் கட்டட வேலைக்கென்று கீழே போனவன் போனவன்தான். ஊரில் இரண்டு பிள்ளைகளை அம்மாவிடம் விட்டிருந்தாள். எல்லோருக்கும் இந்த ஒரு சம்பளம்தான் கஞ்சி. இடது கால் முழங்கால் வரைக்கும் வீக்கம். காய்ச்சல் வந்து வந்து போயிருந்தது. முதல் நாள் உள்ளே வந்ததுமே கதவைச் சாத்தச் சொன்னாள்.

"ஸ்கூல்ல யாருக்கும் தெரியாது சிஸ்டரு. தெரிஞ்சா அனுப்பிடுவாங்க. எனுக்கு முன்ன ஒரு ஆயா இருந்துச்சி. கைல தேமல் இருக்குதுன்னு பெத்தவங்க கூச்சல் போட்டு அனுப்பிட்டாங்க."

"நொண்டி நடக்கறியே, அத யாரும் கேக்கல?"

"முள்ளு குத்திடுச்சின்னு சொல்லிட்டேன்."

"எத்தன மாசமா ஒரே முள்ளு?"

"வேற வேற முள்ளு," என்றாள். வாய்க்காரி.

சாக்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வாராவாரம் துணிக்கட்டுப் போட்டு வீக்கத்தை வற்ற வைக்க வேண்டும். அதற்கு லீவு போட முடியாது என்பதால் அவளுக்கு மட்டும் அந்தக் கட்டைக் கட்டக் கற்றுக்கொடுத்து அனுப்பினோம். கால் நன்றாக வற்றியது. அதற்குப் பிறகு அளவெடுத்து இடது காலுக்கு இரண்டு சாக்ஸ் கொடுத்தோம். இரண்டு மாதத்தில் திரும்பி வந்தாள். கால் பழையபடி வீங்கியிருந்தது. சாக்ஸ் இரண்டும் பழந்துணி மாதிரி தொளதொளவென்று கிடந்தன. இழுத்தால் இழுத்தபடியே நின்றன.

ஆறு மாதம் வர வேண்டியது இரண்டு மாதத்தில் செத்துப்போகிறது என்றால் என்ன அர்த்தம்? ஒரு காலுக்குக் கொடுத்ததை இரண்டு மூன்று கால்கள் போட்டிருக்கின்றன என்று நினைத்தேன்.

"யாருக்குக் குடுத்த?"

"நான் ஏன் குடுக்கறேன்?"

"உன் தங்கச்சிக்கும் கால் வீக்கம்னு சொன்னியே."

"அது புள்ளத்தாச்சி வீக்கம். புள்ள பொறந்ததும் போயிடுச்சி. நீ இன்னும் அத்தயே புடிச்சிக்கினு கீறியே."

சார் இன்னொரு ஜோடி கொடுக்கச் சொன்னார். அதுவும் அதே கதிதான். எங்களுக்கு அந்தச் சாக்ஸ் யாரோ புண்ணியவான்கள் கொடுத்து வருவது. எண்ணிக்கையாக வரும். காத்திருக்கிற கால்கள் அதிகம். இவளுக்கு இனிமேல் வேண்டாம், வேறு யாருக்காவது கொடுக்கலாம் என்று சாரிடம் சொன்னேன். அவர் ஜன்னலோரம் அந்தச் செத்த சாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குதிகால் தேஞ்சிருக்கு. போட்டிருக்காங்க," என்றார்.

"யார் போட்டாங்கன்னுதான் கேக்கறேன்."

மோந்து பார்த்தார். "புகை நாத்தம் அடிக்குது."

"சமையல்காரி சார். புகை நாறாம மல்லிப்பூவா நாறும்?"

அவர் சாக்ஸை மடித்து என் கையில் கொடுத்தார். "நீங்க ஒரு நாள் நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க. அப்பறம் சொல்லுங்க. வாணாம்னா நிறுத்திடலாம்," என்றார்.

கார்த்திகை மாதம். மலைமேல் அந்த மாதத்தில் நாலு நாளானாலும் வெயிலைப் பார்க்க முடியாது. மூடுபனியில் எதிரே வருகிற ஆள் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிவான். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து பள்ளிக்கூடம் போனபோது கேட்டிலேயே வார்டன் மறித்தார்.

"இன்னா விஷயம் சிஸ்டர்?"

"பசங்களுக்கு சொறி இருக்குதான்னு பாக்க வந்தேன்."

"தகவல் ஒண்ணும் வரலையே. யாரு அனுப்பிச்சாங்க?"

"சொறி தகவல் சொல்லிட்டா சார் வருது?"

அவர் சிரிக்கவில்லை. நான் வகுப்பறைக்குப் போனால் பின்னாலேயே வந்தார். பிள்ளைகளின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ போனில் கூப்பிட்டதும் வெளியே போனார். நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் சமையலறைக்குள் நுழைந்தேன்.

பெரிய விறகடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பூங்காவனம் என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். பேசவிடவில்லை. புடவையைத் தூக்கு என்றேன். தூக்கினாள். சாக்ஸ் போட்டிருந்தாள். குதிகாலில் குதிகால், மேல்பக்கம் சுருட்டாமல், மடிப்பு இல்லாமல், நான் சொன்னபடியே. நான் வருவது அவளுக்குத் தெரியாது. ஆக, போடுகிறாள். ஆனால் அந்தச் சாக்ஸும் செத்ததுதான், காலைப் பிடிக்காமல் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணு எங்க?"

அவள் மேலே பார்த்தாள். அடுப்புக்கு மேலே பரண். அதில் விதைக்கு வைக்கிற சோளக் கதிர்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். கதிர்களுக்கு நடுவில், வெளியே தெரியாதபடி, என் சாக்ஸ் தொங்கியது. எக்கித் தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

"இங்கயா காய வெக்கற?"

"எங்க வூட்ல எல்லாமே இப்படி அடுப்பு மேலதான் காயும். வெதச் சோளம், அவர, மழக்காலத்துல துணிமணி. பூச்சி புடிக்காது."

"இது சோளமாடீ?"

"நீதான சொன்ன, வெயில்ல காயப் போடாதன்னு. இங்க எங்க வெயிலு கீது?"

 வெயிலில் போடாதே என்றுதான் சொல்லியிருந்தேன். அடுப்பில் வாட்டாதே என்று எந்த ஊரில் யார் சொல்வார்கள்? அந்தச் சூட்டில் ஒரு வாரம் தொங்கினால் ரப்பர் இழை வெந்துபோகும்.

"வராண்டால கொடி இருக்குதில்ல? அதுல போட வேண்டியதுதான?"

"கொடில போட்டா, ஒரு காலு சாக்ஸு இது யாருதுன்னு கேப்பாங்க. இன்னான்னு சொல்லட்டும்?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் அவளைச் சந்தேகப்பட்டது தப்பு என்று போன் செய்த நர்ஸ் பெண் நினைக்கக் கூடாது. அவள் பேச்சை நம்பி, 'பாவம், போடுகிறாள்' என்று மூன்றாவது ஜோடியையும் கொடுத்திருந்தால், அதுவும் சோளத்தோடு சேர்ந்து வெந்திருக்கும். நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் அந்தப் பரணை எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் சாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே வார்டன் உள்ளே வந்துவிட்டார்.

"இது இன்னா சிஸ்டர்?"

"என்னுது சார். ரொம்ப நேரம் நின்னா கால் வலி. அதுக்குப் போடறது. ஈரமாயிடுச்சி, காய வெக்கலாம்னு."

அவர் சாக்ஸைப் பார்த்தார். செருப்புப் போட்ட என் இரண்டு கால்களையும் பார்த்தார். "ஒண்ணுதான் இருக்குது. இன்னொண்ணு எங்க?" என்றார். அந்த ஒரு விஷயத்தில் அந்த ஆளை எனக்குப் பிடித்துப்போனது. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

நான் அடுத்த பொய்யை யோசிப்பதற்குள் பூங்காவனம் பேசிவிட்டாள்.

"நீ எதுக்கு சிஸ்டரு பொய் சொல்ற? சாரே, அது என்னுது." புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கி, போட்டிருந்த சாக்ஸை உருவி எடுத்துவிட்டு, காலை முன்னால் நீட்டினாள். "இதான் காலு. பாத்துக்கோ."

வார்டன் ஒரு அடி பின்னால் போனார். "யானைக்காலா?" என்று என்னைக் கேட்டார். அவளைக் கேட்கவில்லை.

"நிணநீர் வீக்கம். தொட்டா ஒட்டாது. அவ சமைச்சத சாப்ட்டாலும் ஒட்டாது."

"நீங்க சொல்றீங்க. பெத்தவங்களுக்கு யாரு சொல்றது? பசங்கள ஒவ்வொருத்தரா கூட்டினு போய்ட்டா என்னத்தான கேப்பாங்க?" சோற்றுப் பானையை எட்டிப் பார்த்தார். "வர்ற ஞாயித்துக்கெழம பெத்தவங்க வர்ற நாளு. நீங்க வந்து சொல்லுங்க. அவங்க ஒத்துக்கினா இருக்கட்டும். இல்லன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

நல்லவர் போலத்தான் பேசினார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கெட்ட பெயர் தனக்கு வேண்டாம், பெற்றவர்கள் வாயாலேயே போகச் சொல்லட்டும் என்று நினைக்கிறார் என்றுதான் பட்டது. வெளியே வரும்போது பூங்காவனம், "போச்சின்னா ஊர்ல போய் சாமை குத்தறேன். இன்னா இப்போ," என்றாள். சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாமை குத்துகிற கூலியில் இரண்டு பிள்ளைகளை வளர்க்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சாரும் நானும் போனோம். பெற்றவர்கள் பக்கத்து ஊர்களிலிருந்து நடந்தும் ஜீப்பிலும் வந்து வராண்டாவில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு அவர்களுக்கும் பிள்ளைகளோடு சாப்பாடு உண்டு. பந்தியில் தட்டு வைத்தாகிவிட்டது. சார் எழுந்து தன்னுடைய சன்னக் குரலில் விளக்கினார். இந்த வீக்கம் எப்படி வருகிறது, ஏன் ஒட்டாது, இந்தச் சாக்ஸ் எதற்கு, எல்லாம். பாதிப் பேருக்குக் காதில் விழவில்லை. விழுந்தவர்களும் சாம்பார் வாளியோடு நின்ற பூங்காவனத்தின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு ஆள் எழுந்து நின்றான். வாட்டசாட்டமானவன், தோளில் சிவப்புத் துண்டு. "எம் பொண்ணுங்க ரெண்டு இங்க சாப்புடுது. ஒட்டாது ஒட்டாதுன்றியே, ஒட்டுனா நீ வந்து தூக்கினு போவியா?"

"ஒட்டாதுங்க," என்றார் சார்.

"அத்தயே சொல்லு! ஒரு ஆஸ்பத்திரி ஆளு சொன்னா நாங்க நம்பிக்கணுமா? அந்தக் கால வெச்சிக்கினு அது சோறு போடும், எங்க புள்ளைங்க துன்னணுமா? இதுக்கு வேற ஆளே கெடைக்கலியா?"

பின்னால் இரண்டு மூன்று பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவன் குரல் இன்னும் ஏறியது. எனக்கு அது பிடிபடவில்லை. மற்றவர்களுக்கும் பயம் இருந்தது, ஆனால் அவர்கள் மெதுவாகத்தான் பேசினார்கள். இவன் மட்டும் ஏன் இவ்வளவு கத்துகிறான்? அவனை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்சாதியைப் பார்த்தேன். மற்ற பெண்கள் எல்லோரும் நடந்து வந்த களைப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவள் மட்டும் காலை மடக்கி, புடவையை நுனிவிரல் தெரியாதபடி இழுத்துச் செருகிக்கொண்டு சுவரோரம் ஒட்டியிருந்தாள். அப்படி உட்கார்கிறவர்களை எத்தனை வருஷமாகப் பார்த்துவந்திருக்கிறேன்.

சாரைப் பார்த்தேன். அவரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. நானும் வாயைத் திறக்கவில்லை. கத்திப் பழகிய வாய்க்கு அது பெரிய விஷயம். ஆனால் அது அவள் கால். நான் சொல்லக் கூடாது.

வார்டன் பூங்காவனத்தின் பக்கம் திரும்பினார். "பாத்த இல்ல? நான் இன்னா பண்றது? நாளையிலருந்து நீ இங்க இருக்க வேணாம்," என்றார். பூங்காவனம் சாம்பார்க் கரண்டியை வாளிக்குள் விட்டுவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள்.

அப்போதுதான் அந்தப் பெண்சாதி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"யோவ்."

"இன்னா? ஒக்காரு நீ."

"இங்க பாருய்யா."

அவள் புடவையைத் தூக்கினாள். வலது கால். பூங்காவனம் காலைவிடப் பெரியது. கட்டும் இல்லை, சாக்ஸும் இல்லை. கணுக்கால் எங்கே என்று தேட வேண்டும்.

"இத்தினி வருசமா ஒரே பாயில படுக்கற. நான் ஆக்கிப் போட்டதத்தான் துன்ற. உனுக்கு ஒட்டிச்சா?"

 பின்னாலிருந்து ஒரு கிழவர், "எங்க, அவங்காலயும் காட்டச் சொல்லுமா," என்றார். யாரோ சிரித்தார்கள். அவன் உண்மையாகவே குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டான். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் சிரித்தார்கள்.

அவள் அவனை விட்டுவிட்டு நேராகப் பூங்காவனத்திடம் வந்தாள். காலைக் குனிந்து பார்த்தாள். சாக்ஸின் விளிம்பை விரலால் இழுத்து விட்டுப் பார்த்தாள். "இது எங்க குடுக்கறாங்கக்கா?" என்று கேட்டாள்.

"தோ, அந்த ஒல்லியா கீறாரே, அவரு. பக்கத்துல நிக்குதே அந்த சிஸ்டரு, அது நல்லா திட்டும். காதுல வாங்கிக்காத," என்றாள் பூங்காவனம்.

ஒரு குடும்பம் மட்டும் பையனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனது. மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வார்டன் அவர்களை எண்ணுவதுபோல ஒரு முறை பார்த்தார். இத்தனை பிள்ளைகளுக்கு நாளைக் காலையில் யார் உப்புமா கிண்டுவது என்ற யோசனையாகவும் இருந்திருக்கலாம். அவர் மனசு அன்றைக்கு மாறியதா, கணக்குத்தான் மாறியதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "இன்னா நிக்கற? கரண்டிய எடு. சோறு ஆறுது. காலைல ரவைய வறுக்கணும், சீக்கிரம் எழுந்துரு," என்றார்.

பூங்காவனம் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாக ஊற்றிக்கொண்டே போனாள். சிவப்புத் துண்டுக்காரன் முன்னால் வந்ததும் நின்றாள்.

"ஊத்தட்டுமா, வாணாமா? சட்டுனு சொல்லு. அந்தாண்ட பசங்க காத்துக்கினு கீது."

அவன் பெண்சாதியைப் பார்த்தான். அவள் ஏற்கனவே பிசைந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். அவன் தட்டை நீட்டினான்.

சார் நிம்மதியாக மூச்சு விட்டு, கிளம்பலாமா என்றார். கொஞ்சம் இருங்கள் என்றேன். வாங்கிக்கொண்டு போய்க் கட்டடத்துக்குப் பின்னால் கொட்டிவிடுவான் என்று எனக்குச் சந்தேகம். அவன் சாப்பிட்டு முடித்து, விரலை நக்கி, தட்டைக் கழுவி வைக்கும் வரைக்கும் நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.